வண்டியின் கழுத்தும் நான்கு அங்குலமும்

போன மாதம் பேரன் வந்திருந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம். சேர்ந்த வருடமே முன்பணம் கட்டி ஒரு புல்லட் வாங்கிவிட்டான். சாப்பிட்டுக் கை கழுவியதும் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டி ஒரு படத்தைக் காட்டினான். அமெரிக்க வண்டி. முன்சக்கரம் எங்கேயோ தள்ளி நிற்கிறது, ஹேண்டில் ஆகாயத்தைப் பார்க்கிறது, ஓட்டுகிறவன் ஈஸிசேரில் சாய்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

"என் வண்டியையும் இப்படி ஆக்கப் போறேன் தாத்தா. இவ்வளவு வேணாம். ஃபோர்க்கை மூணு அங்குலம் நீட்டினா போதும். பட்டறையில பேசிட்டேன்" என்றான்.

சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தன் இடது முழங்கையை வலது கையால் தடவிக்கொண்டாள். 1981-லிருந்து அவளுக்கு அது பழக்கம். அந்தக் கை முழுதாக நீளாது.

அன்று இரவு பேரனை உட்காரவைத்து நான் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் கணக்கு. கடைசியில், நாற்பது வருடத்துக்கு மேலாக நான் வீட்டில் சொல்லிவந்த ஒரு பொய்யும் இருக்கிறது.

என் சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா மாமா இருந்தார். பாண்டிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் சொல்தா என்போம். இவர் இந்தோசீனாவில் மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோகிற வேலை பார்த்தவர். பின்கட்டில் ஒரு பழைய மொதொபெக்கான் வண்டி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்ததும் அதைப் பிரித்துப் போட்டு, மாலைக்குள் பூட்டிவிடுவார். 1962-ல் பாண்டி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும் எங்கள் பள்ளியில் பாடம் பிரெஞ்சில்தான் நடந்தது. அதனால் அவர் சொல்லும் பெயர்கள் எனக்கு விளங்கும். மற்றப் பையன்களை விரட்டிவிட்டு என்னை மட்டும் ஸ்பேனர் பிடிக்க விடுவார்.

அவர் சொல்லிக்கொடுத்த முதல் சொல் 'ஷாஸ்'. பிரெஞ்சில் ஷாஸ் என்றால் வேட்டை, துரத்துவது. மோட்டார் சைக்கிளில் என்ன வேட்டை என்று கேட்டேன். அவர் வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி ஒரு நீளமான மூங்கில் குச்சியை எடுத்தார். ஹேண்டிலும் முன் ஃபோர்க்கும் சட்டத்தோடு சேரும் இடத்தில் சாய்வாக ஒரு குழாய் இருக்கும். வண்டியின் கழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கழுத்தின் சாய்விலேயே குச்சியைப் பிடித்துத் தரை வரை நீட்டினார். குச்சி தரையைத் தொட்ட இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. டயர் தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. டயரின் கோடு கொஞ்சம் பின்னால் இருந்தது, ஏறக்குறைய நாலு விரற்கடை.

"இதாண்டா தம்பி ஷாஸ். கோடு முன்னால ஓடுது, சக்கரம் பின்னால துரத்துது. இந்தத் தூரம் இருக்கிற வரைக்கும் வண்டி உன்னைத் தள்ளாது" என்றார்.

ஆங்கிலத்தில் இதற்கு ட்ரெயில் என்று பெயர். எனக்குப் பழக்கம் விடாததால் ஷாஸ் என்றே எழுதுகிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு முழுதாகப் புரிந்தது உத்தியோகத்துக்குப் போன பிறகுதான். எங்கள் அலுவலகத்தில் மேலதிகாரிக்கு மட்டும் சுழல் நாற்காலி. அதன் காலில் சின்னச் சக்கரங்கள். நாற்காலியை எந்தப் பக்கம் தள்ளினாலும், ஒவ்வொரு சக்கரமும் தன் அச்சாணிக்குப் பின்னால் வந்து வரிசையாக நின்றுகொள்ளும். யாரும் திருப்பிவிட வேண்டாம். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியிலும் இதே கதைதான். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரமும் இப்படித்தான். கல்லில் பட்டு ஒரு பக்கம் திரும்பினால், தரையின் பிடிப்பே அதைப் பின்னால் இழுத்து நேராக்கிவிடும். அதோடு, வண்டி இடது பக்கம் சாய்ந்தால் முன்சக்கரமும் தானாகக் கொஞ்சம் இடது பக்கம் திரும்பும். விழப்போகிற பக்கத்துக்கே வண்டி ஓடி, தன்னை நிமிர்த்திக்கொள்ளும். கையை விட்டு சைக்கிள் ஓட்டிய நாட்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நம் திறமை என்று நினைத்தோம். பாதித் திறமை வண்டியின் கழுத்தில் இருந்தது.

இந்த நாலு அங்குலத்தை மனிதன் கண்டுகொள்ள எத்தனை காலம் பிடித்தது என்பதுதான் சரித்திரம்.

1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் மரத்தால் இரண்டு சக்கர வண்டி செய்து, காலால் தரையை உந்தி ஓட்டினார். 1860-களில் பாரிஸ் நகரத்து மிஷோவின் பட்டறையிலிருந்து முன்சக்கரத்தில் பெடல் வைத்த வெலோசிபேத் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் அதே வெலோசிபேதின் மேல் ஒரு சின்ன நீராவி எந்திரத்தை ஏற்றிவிட்டார். உட்கார்ந்தவனுக்குக் கீழே கொதிகலன்! நம் ஊரில் இட்லிக் குண்டானின் மேல் உட்கார்ந்து சவாரி போவது போல.

1885-ல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் பெட்ரோல் எந்திரம் வைத்து ஒரு மர வண்டி செய்தார்கள். முதல் மோட்டார் சைக்கிள் என்று பலரும் சொல்வது இதைத்தான். படத்தைப் பார்த்தால் ஒன்று உடனே கண்ணில் படும். இரண்டு பக்கமும் குழந்தைகள் சைக்கிளில் இருப்பது போல் சின்னத் துணைச் சக்கரங்கள். முன் ஃபோர்க் செங்குத்தாக நிற்கும். கழுத்தில் சாய்வே இல்லை. அவர்களுடைய கவனமெல்லாம் எந்திரத்தின் மேல். வண்டி தானாக நிற்குமா என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜான் ஸ்டார்லி ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். சமமான இரண்டு சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின். சில மாற்றங்களுக்குப் பிறகு அதன் முன் ஃபோர்க்கும் சாய்ந்தது. இன்றைக்கும் நாம் ஓட்டுகிற சைக்கிளின் உருவம் அதுதான். சைக்கிள்காரர்கள் கணக்குப் போட்டு இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஓட்டி, விழுந்து, வளைத்து, மறுபடி ஓட்டிக் கண்டுபிடித்தார்கள். கணக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. பிரான்ஸில் கார்வாலோ என்ற கணித அறிஞர், சைக்கிள் ஏன் விழாமல் ஓடுகிறது என்பதற்குச் சமன்பாடுகள் எழுதி 1898-ல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசு பெற்றார். 1899-ல் கேம்பிரிட்ஜில் விப்பிள் தனியாக அதே வேலையைச் செய்தார். பட்டறைக்காரன் கை முதலில் கண்டது, படித்தவன் பேனா பிறகு கண்டது.

எந்திரத்தை எங்கே வைப்பது என்பது அடுத்த வழக்கு. பாரிஸில் வெர்னர் சகோதரர்கள் 1897-ல் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு மேலே எந்திரத்தைப் பொருத்தி 'மொதொசிக்லெத்' என்று பெயர் வைத்தார்கள். வண்டி விற்றது. ஆனால் கனம் உயரத்தில் இருந்ததால், ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கி ஆளைக் கீழே தள்ளிவிடும். 1901-ல் எந்திரத்தைப் பெடல் இருக்கும் இடத்துக்கு, சட்டத்தின் அடியில், இறக்கினார்கள். அன்றிலிருந்து இன்று வரை மோட்டார் சைக்கிள் எந்திரம் பெரும்பாலும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. "அப்படியானால் சொலெக்ஸ்?" என்று பழைய பாண்டி வாசகர் யாராவது கேட்பீர்கள். உண்மைதான், 1946-ல் வந்த வெலோசொலெக்ஸ் மறுபடியும் முன்சக்கரத்தின் மேல்தான் எந்திரத்தை வைத்தது. ஆனால் அது மெதுவாகப் போகிற சின்ன வண்டி. நூறு கிலோமீட்டரில் ஓடுகிற வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

எந்திரத்தின் பலம் ஏறிக்கொண்டே போயிற்று. சட்டமும் கழுத்தும் சைக்கிள் காலத்திலிருந்து அவ்வளவு வேகமாக வளரவில்லை. வேகம் கூடினால் ஹேண்டில் இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ளும். பிரெஞ்சில் ஹேண்டிலுக்கு கிதோன் என்று பெயர். இந்த நடுக்கத்துக்கு கிதொனாஜ். இதற்குப் பரிகாரமாகப் பழைய இங்கிலாந்து வண்டிகளில் ஹேண்டிலின் நடுவே ஒரு திருகு வைத்திருப்பார்கள். யுத்த காலத்து பி.எஸ்.ஏ. வண்டி பார்த்தவர்களுக்கு நினைவு வரும். திருகை இறுக்கினால் உள்ளே உராய்வுத் தட்டுகள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை அடக்கும். நோயைத் தீர்க்காமல் கட்டுப் போட்ட கதைதான். 1935-ல் பி.எம்.டபிள்யூ. எண்ணெய் அடைத்த டெலஸ்கோப் ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. முன்பக்கம் ஒழுங்கானது. பின்சக்கரத்துக்குப் பல வண்டிகளில் இன்னும் ஸ்பிரிங்கே கிடையாது.

பிறகு வந்தது 1950. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் என்று ஒருவர். முறையான பொறியியல் படிப்பு இல்லாதவர், சொந்த முயற்சியில் கற்றவர். நார்ட்டன் கம்பெனியின் பந்தய வண்டிகளுக்கு அப்போது ஒரு பழைய சட்டம் இருந்தது. அதை 'தோட்டத்து கேட்' என்று கேலி செய்வார்கள். மெக்கேண்ட்லெஸ் தம் சகோதரரோடு சேர்ந்து புதுச் சட்டம் செய்துகொடுத்தார். இரண்டு குழாய்கள் கழுத்திலிருந்து புறப்பட்டு, எந்திரத்தைச் சுற்றி வந்து, மறுபடி கழுத்திலேயே குறுக்காகச் சேரும். கழுத்து முறுக்கிக்கொள்ளாது. பின்சக்கரம் ஸ்விங் ஆர்மில், இரண்டு ஷாக் அப்சார்பரோடு. ஓட்டிப் பார்த்த பந்தய வீரர் ஹரால்டு டேனியல், இறகு மெத்தையில் போவது போல் இருக்கிறது என்றாராம். அதுவே அந்தச் சட்டத்தின் பெயராகிவிட்டது: ஃபெதர்பெட்.

அந்த வருடம் மேன் தீவுப் பந்தயத்தில் சீனியர் பிரிவில் நார்ட்டனுக்கு முதல் மூன்று இடம். ஜூனியர் பிரிவிலும் முதல் மூன்று இடம். எதிரே இத்தாலியின் கிலேரா நின்றது, நாலு சிலிண்டர் எந்திரத்தோடு. நார்ட்டனுக்கு ஒரே சிலிண்டர், பலத்தில் கிலேராவுக்குக் கீழே. ஆனாலும் 1951-ல் ஜெஃப் டியூக் அந்த நார்ட்டனில் 350, 500 இரண்டு பிரிவிலும் உலகப் பட்டம் வென்றார். பந்தயம் நேர்ச்சாலையில் மட்டும் நடப்பதில்லை, வளைவிலும் நடக்கிறது. வளைவில் பயமில்லாமல் சாய்கிறவன் பிரேக்கைக் குறைவாகப் பிடிப்பான். 1953-ல் டியூக் கிலேராவுக்கே போனார். அங்கே போனதும் அவர் சொன்ன யோசனைகளின்படி சட்டத்தை மாற்றினார்கள். பிறகு 1953, 1954, 1955, மூன்று வருடமும் பட்டம் அவருக்குத்தான்.

நம் புல்லட்டும் இந்தக் காலத்துப் பிள்ளைதான். இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு 1949-ல் கொண்டுவந்த 350 சி.சி. புல்லட்டில் ஸ்விங் ஆர்ம் இருந்தது. மற்றக் கம்பெனிகள் பல அப்போது அதற்கு வந்திருக்கவில்லை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பமாயிற்று. திருவொற்றியூரில் ஆலை. ராணுவமும் போலீசும் மலை, மணல், சேறு எல்லாவற்றிலும் ஓட்டியது அந்த வண்டியை. அதன் கழுத்துச் சாய்வும் ஷாஸும் அவசரமில்லாத மனிதனுக்கானவை. நேராக ஓடும், திருப்பினால் நிதானமாகத் திரும்பும்.

இனி என் கதை.

1980 கடைசியில் ஒரு பழைய புல்லட் வாங்கினேன். எனக்கு வயது முப்பது, கீழ்நிலை குமாஸ்தா, ஒரு குழந்தை. வாங்கி ஐந்தாறு மாதத்தில் பிரேக் பிடிக்கும்போது கழுத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். மெக்கானிக் சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார். உரலில் உலக்கை ஆடுவது போல் ஆடியது.

"கோன் செட் போயிடுச்சு சார். உள்ளே பால்ஸ் எல்லாம் குழி விழுந்திருக்கும். மாத்திடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார்.

கோன் செட் என்பது கழுத்துக் குழாயின் மேலும் கீழும் இருக்கிற கிண்ணமும் குண்டுகளும். ஹேண்டில் லேசாகத் திரும்புவதும், வேறு எந்தப் பக்கமும் ஆடாமல் இருப்பதும் அவற்றால்தான். கூலியோடு நாற்பது ரூபாய் என்றார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லி, அப்போதைக்கு நட்டைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதே வாரம் சொல்தா மாமா வண்டியைப் பார்த்தார். அப்போது அவர் தளர்ந்து போயிருந்தார். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினார். நடுவில் வந்ததும் 'க்ளக்' என்று ஒரு குழியில் உட்கார்ந்தது. "கழுத்து செத்துப் போச்சுடா. ஷாஸ் நாலு அங்குலம் இருந்து என்ன, கழுத்து ஆடினா அந்தக் கோடே ஆடுது. கிதொனாஜ் வரும்" என்றார். சரி மாமா, மாற்றிவிடுகிறேன் என்றேன்.

மாற்றவில்லை. அந்த மாதம் நாற்பது ரூபாய் இல்லாமலில்லை. சீட்டுக்குப் புது ரெக்சின் உறை போட்டேன். அதற்கு ஐம்பத்தைந்து ரூபாய் ஆயிற்று. உறை எல்லாருக்கும் தெரியும், கோன் செட் யாருக்குத் தெரியும்?

1981 ஆனி மாதம், திண்டிவனத்தில் மனைவியின் தங்கைக்கு வளைகாப்பு. குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். பின் கேரியரில் சீர்ப் பாத்திரங்களும் பழமுமாக ஒரு பெரிய மூட்டை, முப்பது கிலோவாவது இருக்கும். கிளியனூர் தாண்டி, புளியமர நிழலில் சாலை நேராக இருந்தது. அறுபது கிலோமீட்டர் வேகம். ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கினோம். ஹேண்டில் என் கையில் நடுங்க ஆரம்பித்தது. முதலில் மெல்ல, பிறகு சல்லடை ஆட்டுவது போல. கையை இறுக்கினேன். அது பெரிய தப்பு. என் தோளின் ஆட்டமும் சேர்ந்துகொண்டது. பயத்தில் பிரேக்கைப் பிடித்தேன். கனமெல்லாம் முன்னால் வந்து செத்த கழுத்தின் மேல் விழுந்தது. ஹேண்டில் ஒரு பக்கம் முட்டி நின்றது. அதற்கு மேல் எனக்கு நினைவிருப்பது ஓரத்தில் உருண்ட ஒரு பித்தளைக் குண்டான் மட்டுமே.

எனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு இடது முழங்கையில் இரண்டு இடத்தில் முறிவு. ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். கட்டுப் பிரித்தபோது கை முக்கால்வாசிதான் நீண்டது.

என்ன ஆயிற்று என்று மாமனார் கேட்டார். "மணல். ஓரத்து மணல் வாரிவிட்டது" என்றேன். வாயில் முதலில் வந்த சொல். அம்மாவிடம் அதையே சொன்னேன், அலுவலகத்திலும் அதையே. பத்துத் தடவை சொன்ன பிறகு எனக்கே மணல் கண்ணில் தெரிந்தது. சொல்தா மாமா மட்டும் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். வண்டியைக் கிடைத்த விலைக்கு விற்றேன். விற்குமுன் கோன் செட்டை மாற்றித்தான் கொடுத்தேன். இனி அதனால் என்ன பயன், சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். 1970-ல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியல் அறிஞர், ஓட்ட முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்யப் புறப்பட்டார். சுழலும் சக்கரம் பம்பரம் போல் தன்னை நிமிர்த்திக்கொள்வதால்தான் சைக்கிள் நிற்கிறது என்று அதுவரை பலரும் நம்பினார்கள். அவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை வைத்துப் பம்பரத்தின் சக்தியை அழித்தார். அப்போதும் சைக்கிளை ஓட்ட முடிந்தது. பிறகு ஃபோர்க்கைப் பின்னோக்கித் திருப்பி ஷாஸைக் கூட்டினார். ஆளில்லாமல் தள்ளிவிட்டாலும் அது விழாமல் ஓடியது. கடைசியாகச் சக்கரத்தை முன்னால் தள்ளி ஷாஸை எதிர்ப்பக்கம் ஆக்கினார். அதை ஓட்டுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது அவருக்கு.

வழக்கு அதோடு முடியவில்லை. 2011-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் சேர்ந்து, பம்பரச் சக்தியும் இல்லாமல் ஷாஸும் இல்லாமல் தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு சின்ன வண்டியைச் செய்து காட்டினார்கள். கனத்தை எங்கே வைக்கிறோம் என்பதே அதன் ரகசியம். அதைப் படித்தபோது எனக்குக் கேரியரில் கட்டிய மூட்டை நினைவு வந்தது. பின்னால் ஏறிய முப்பது கிலோ முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்திருக்கிறது. கழுத்தில் ஆட்டம், பின்னால் பாரம், அறுபது கிலோமீட்டர் வேகம்: ஹேண்டில் நடுக்கத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறு வேண்டாம். வண்டியின் மேல் குற்றமில்லை. சாலையில் மணலும் இல்லை.

பேரனுக்காகக் காகிதத்தில் கணக்கும் போட்டேன். எல்லா வண்டிக்கும் ஏறக்குறைய பொருந்துகிற எண்களை எடுத்துக்கொண்டேன். முன்சக்கரத்தின் ஆரம் 310 மில்லிமீட்டர், கழுத்தின் சாய்வு செங்குத்திலிருந்து 26 டிகிரி. கழுத்துக்கும் ஃபோர்க் குழாய்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி 45 மில்லிமீட்டர். ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் 'டி' இதைத் தீர்மானிக்கிறது. இதற்கு ஷாஸ் 101 மில்லிமீட்டர் வருகிறது. சொல்தா மாமாவின் நாலு விரற்கடையை விடக் கொஞ்சம் கூட, சரியாக நாலு அங்குலம். ஃபோர்க்கை மூன்று அங்குலம் நீட்டினால் வண்டியின் முகம் தூக்கிக்கொள்ளும். சாய்வு ஏறக்குறைய 29 டிகிரி ஆகும். ஷாஸ் ஏறக்குறைய 120 மில்லிமீட்டர் ஆகும்.

"ஷாஸ் கூடினா நல்லதுதானே தாத்தா? நேரா ஓடுமே?" என்றான். நல்ல கேள்வி. நேராக ஓடும், ஆனால் திரும்ப மனம் வராது. தெருமுனையில் மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில் தொபுக்கென்று ஒரு பக்கம் விழும், கை கனக்கும். முன்சக்கரத்தின் பாரம் குறையும். நீண்ட ஃபோர்க் பிரேக் பிடிக்கும்போது அதிகமாக வளையும். அந்த வளைவையெல்லாம் தாங்குவது அதே பழைய கழுத்து. அவன் காட்டின அமெரிக்க வண்டி கண்ணுக்கெட்டிய தூரம் நேராக ஓடும் சாலைக்குப் பிறந்தது. நம் சாலையில் மாடும் ஆட்டோவும் குறுக்கே வரும். ஷாஸ் குறைந்தால் வண்டி பதறும், கூடினால் முரண்டு பிடிக்கும். நடுவில் எங்கே நிறுத்துவது என்று ஓட்டி ஓட்டிப் பார்த்து வைத்த அளவு அது. இன்னொன்றும் குமாஸ்தா புத்தியோடு சொன்னேன்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது.

பிறகு, மனைவியும் கேட்கும்படி, கோன் செட்டையும் சீட்டு உறையையும் சொன்னேன். ஐம்பத்தைந்து ரூபாயையும் சொன்னேன். பேரன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"மணல் இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பின்னாடி நான்தானே உட்கார்ந்திருந்தேன்? ஹேண்டில் ஆடுறது உங்க தோளில தெரிஞ்சுதே. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள்.

அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இதை எழுதலாமா என்று மறுநாள் கேட்டேன். "எழுதுங்க, நாலு பேர் கோன் செட்டை மாத்தட்டும்" என்றாள்.

பேரன் ஃபோர்க்கை நீட்டவில்லை. இதுவரை இல்லை. அதற்குப் பதில் சைலன்சர் பார்க்கிறானாம். அது காதோடு போகிற விஷயம், விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டில் பிள்ளையோ பேரனோ வண்டி வைத்திருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரு விரலால் திருப்புங்கள். வெண்ணெய் போலத் திரும்ப வேண்டும், நடுவில் எங்கும் குழியில் விழக் கூடாது. விழுந்தால் அடுத்த சம்பளம் வரை காத்திருக்காதீர்கள். சீட்டு உறை காத்திருக்கட்டும்.